“நோயாளி பின்பு என்னவானார்?”: மருத்துவமனைத் தர அங்கீகாரத்தின் வரலாறும் திருச்சபையின் மருத்துவ ஊழியமும்

மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்குவது மருத்துவர்க்கும் நிர்வாகிகட்கும் உரிய பொருள்; ஆயர்க்கும் இறையியல் மாணவர்க்கும் அதில் என்ன உண்டு என வினவுவோர் இருக்கலாம். ஆனால் நமது பேராயங்களின் மருத்துவமனைக் குழுக்களில் ஆயர்கள் அமர்ந்திருக்கின்றனர். வரவு செலவுக் கணக்கில் கையொப்பமிடுகின்றனர். ஒரு மருத்துவமனையைத் தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்ற முடிவில் வாக்களிக்கின்றனர். தேசியத் தர அங்கீகாரம் பெறுவது பற்றிய பேச்சு அக்குழுக்களில் எழும்போது இருவகைக் குரல்களை நாம் கேட்டிருக்கிறோம். அன்பினால் செய்யும் ஊழியத்திற்கு அயலார் முத்திரை எதற்கு என்பது ஒன்று. முத்திரை இல்லாவிடில் காப்பீட்டுப் பணம் வராது, ஆகையால் எவ்வாறாயினும் அதைப் பெற்றுவிட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினும், தர அங்கீகாரம் எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை இரண்டுமே மறந்துவிட்டன என்று நமக்குத் தோன்றுகிறது. அக்கேள்வியின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கேள்வியின் தொடக்கம்

மருத்துவமனையின் பயனை எண்ணிக்கையால் அளந்தறிய வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முன்னோடி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போர்க்களத்தின் விளக்கேந்திய மங்கையாகவே அவரை நம் ஞாயிறு பள்ளிகள் அறிந்துள்ளன. ஆனால் 1860-ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டின் முன், எல்லா மருத்துவமனைகளும் ஒரே வகைப் படிவத்தில் நோய், சிகிச்சை, மரணம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை வைத்தவரும் அவரே. சில மருத்துவமனைகள் அதைச் சிறிது காலம் கையாண்டன, பின்னர் கைவிட்டன. எண்ணுவது கடினமான வேலை. எண்ணிய பின் அவ்வெண்களைக் கண்ணெடுத்துப் பார்ப்பது அதனினும் கடினம்.

அக்கடினத்திற்குத் தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஏமரி காட்மன் (1869–1940). ஹார்வர்டில் மருத்துவ மாணவராயிருந்த நாளில், பிற்காலத்தில் மூளை அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட ஹார்வி கூஷிங் அவருக்கு உடன்மாணவர். ஈதர் கொடுத்து நோயாளியை மயங்கச் செய்யும் பொறுப்பு அக்காலத்தில் மாணவர் கையில் விடப்பட்டிருந்தது. கூஷிங் மயக்கம் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனது அவ்விளைஞரின் மனத்தை உலுக்கியது. இருவரும் நோயாளியின் நாடித் துடிப்பையும் சுவாசத்தையும் தாளில் தொடர்ந்து குறித்துவரத் தொடங்கினர். யாருடைய கையில் நோயாளிகள் நலமாகக் கண்விழிக்கின்றனர் என்று தங்களுக்குள் ஒரு விருந்தைப் பந்தயமாகவும் வைத்துக்கொண்டனர். இளைஞரின் விளையாட்டெனத் தோன்றும் இதிலேயே காட்மனின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

அவருடைய கொள்கை மிக எளியது. அதற்கு ‘இறுதி விளைவு’ என்று அவர் பெயரிட்டார். மருத்துவமனை தான் சிகிச்சையளிக்கும் ஒவ்வொரு நோயாளியையும், அச்சிகிச்சை பயன் தந்ததா என அறியப் போதுமான காலம்வரை பின்தொடர வேண்டும். பயன் தரவில்லையெனில் ஏன் தரவில்லை என்று கேட்க வேண்டும். அதே பிழை மீண்டும் நேராவண்ணம் தடுக்க வேண்டும். இதற்கென ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு அட்டை வைத்தார். என்ன நோயுடன் வந்தார், என்ன செய்தோம், என்ன சிக்கல் நேர்ந்தது, ஓராண்டிற்குப் பின் எப்படியிருக்கிறார் என்பனவே அதன் குறிப்புகள்.

இதில் எதிர்ப்பதற்கு என்ன இருக்கிறது எனக் கேட்கத் தோன்றும். எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. அவர் பணிபுரிந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதவி உயர்வு பணிமூப்பின்படியே வழங்கப்பட்டது. விளைவை அளந்தால் மூத்தவர் எப்போதும் சிறந்தவராய் இருக்கமாட்டார் என்பது வெளிப்பட்டுவிடும். காட்மன் 1914-இல் அப்பணியிலிருந்து விலகினார். 1915-ஆம் ஆண்டு சனவரியில் மருத்துவர் கூட்டமொன்றில் அவர் ஒரு கேலிச் சித்திரத்தைத் திறந்து வைத்தார். நகரத்துச் செல்வர்கள் மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு மருத்துவர்களுக்குப் பொன்முட்டையிடும் தீக்கோழியாக அதில் வரையப்பட்டிருந்தனர். அதன் பலனாக மருத்துவச் சங்கப் பிரிவொன்றில் தாம் வகித்த தலைமையை இழந்தார். ஹார்வர்டின் ஆசிரியப் பணியும் போயிற்று. உண்மையைச் சொல்பவர் அதைச் சொல்லும் முறையிலும் விவேகமாயிருக்க வேண்டும் என்பதற்கு அவரை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ள இயலாது.

ஆயினும் தம் அளவுகோலை முதலில் தம்மீதே வைத்துப் பார்த்தவர் அவர் என்பதை மறுக்க இயலாது. தாம் நடத்திய சிறு மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வெளிச் சென்ற 337 நோயாளிகளின் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அவற்றில் 123 பிழைகள் நேர்ந்ததாக அவரே பதிவு செய்தார். அறிவுக்குறைவு, தீர்மானத்தில் தவறு, கவனக்குறைவு, நோயறிவதில் பிழை என வகைபிரித்தும் காட்டினார். பாவ அறிக்கையைப் பொது வழிபாட்டில் ஒருமித்துச் சொல்லிப் பழகிய நமக்கு, ஒரு மனிதர் தம் தொழிற்பிழைகளை எண்ணிட்டு அச்சேற்றியது புதுமையாகவே தோன்றும்.

ஒரே பக்கத்தில் அடங்கிய தரம்

1913-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி நிறுவப்பட்டது. இது பாடம் நடத்தும் கல்லூரியன்று. அறுவை மருத்துவரின் தகுதியைக் காக்க எழுந்த சங்கம். மருத்துவமனைகளைத் தரப்படுத்துவதற்கென அச்சங்கத்தார் அமைத்த குழுவிற்குத் தொடக்கத்தில் தலைவராயிருந்தவர் காட்மனே. அவர் ஒதுக்கப்பட்ட பின்னும் முயற்சி தொடர்ந்தது. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 100 படுக்கைகளோ அதற்கு மேலோ கொண்ட 692 மருத்துவமனைகளை அதன் ஆய்வாளர்கள் சென்று பார்த்தனர். குறைந்த அளவுத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே.

1919 அக்டோபரில் நியூயார்க் நகரின் வால்டார்ஃப்-அஸ்டோரியா விடுதியில் கூடிய மாநாட்டில் இவ்வெண்கள் அறிவிக்கப்பட்டன. மருத்துவமனைகளின் பெயர்கள் அறிவிக்கப்படவில்லை. தேறாதவற்றுள் நாட்டின் மிகப் புகழ்வாய்ந்த மருத்துவமனைகள் சில இருந்தன. பட்டியல் பத்திரிகையாளர் கைக்கு எட்டிவிடலாகாது என்று அஞ்சி, நள்ளிரவில் அவ்விடுதியின் உலையிலேயே அதை எரித்துவிட்டனர். தர அங்கீகாரத்தின் வரலாற்றில் இந்நிகழ்ச்சியை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. மக்களிடமிருந்து உண்மையை மறைத்தனர் என்று குற்றம் சாட்டலாம். பெயர்கள் வெளிவந்திருந்தால் இயக்கமே அன்றோடு முடிந்திருக்கும் என்று சமாதானமும் கூறலாம். இரண்டிலும் உண்மை உண்டு. குறையை வெளிப்படையாய்க் காட்டுவதா, இரகசியமாய்த் திருத்துவதா என்ற இக்கேள்வி அன்று தொட்டு இவ்வியக்கத்தைப் பின்தொடர்ந்தே வருகிறது.

அவ்வாண்டு இறுதியில் ஏற்கப்பட்ட ‘குறைந்த அளவுத் தரம்’ ஒரே பக்கத்தில் அடங்கியது. மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர்கள் ஒரு குழுவாக அமைக்கப்பட வேண்டும். அவர்கள் முறையான பட்டமும் நன்னடத்தையும் உடையவராயிருக்க வேண்டும். நோயாளியை அனுப்பி வைப்பதற்காக ஒருவருக்கொருவர் கட்டணத்தைப் பங்கிட்டுக் கொள்ளலாகாது. மாதந்தோறும் கூடித் தம் பணியை ஆராய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான குறிப்பேடு இருக்க வேண்டும். ஆய்வுக்கூடமும் எக்ஸ்ரே வசதியும் வேண்டும். இவை இன்று நமக்கு வியப்பளிப்பதில்லை. நோயாளியைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதிவைக்காமல் அறுவை செய்து அனுப்பிய மருத்துவமனைகள் மிகுந்திருந்த காலத்தில் அவை புரட்சியாகவே இருந்தன.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவற்றை வரிசைப்படுத்திய அப்பத்தியின் இறுதியில், வெளிச்செல்லும்போது நோயாளியின் நிலை என்பதற்கு அடுத்தாற்போல், ‘பின்தொடர்தல்’ என்ற ஒரு சொல் இருக்கிறது. காட்மன் வாழ்நாளெல்லாம் போராடிய கொள்கையில் எஞ்சியது அவ்வொரு சொல்லே. மற்றவை அனைத்தும் ஆய்வாளர் ஒரே நாளில் வந்து கண்ணால் கண்டு குறித்துக்கொள்ளக் கூடியவை. நோயாளி பின்பு என்னவானார் என்பதை அவ்வாறு கண்டறிய இயலாது.

இந்த இயக்கத்தில் திருச்சபைக்கும் பங்குண்டு. அமெரிக்கக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் 1915-இல் உருவானபோது அதன் முதல் தலைவராயிருந்த இயேசு சபைக் குரு சார்லஸ் முலினியர், தரப்படுத்தும் முயற்சியை முழுமனதோடு ஆதரித்தார். கன்னியர் நடத்திய மருத்துவமனைகளில் பக்திக்குக் குறைவில்லை. ஆனால் பக்தி ஆய்வுக்கூடத்தின் வேலையைச் செய்துவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரை ஊழியத்தின் எதிரியாக அவர் கருதவில்லை.

அளவுகோலின் நிழல்

தரம் உயர்த்தப்படும்போது யாருக்கு இடமில்லாமற் போகிறது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. மருத்துவமனைகளுக்கு முன்பாகவே அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிகள் தரம் பார்க்கப்பட்டன. கார்னெகி அறக்கட்டளையின் சார்பில் ஏபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 155 பள்ளிகளைக் கண்டு 1910-இல் அறிக்கை வெளியிட்டார். பணத்திற்குப் பட்டம் விற்ற பல பள்ளிகள் அதனால் மறைந்தன, அது நன்மையே. ஆனால் அக்காலத்தில் கறுப்பின மக்களுக்கென இருந்த 7 பள்ளிகளில் ஹோவர்டு, மெஹாரி என்னும் இரண்டைத் தவிர ஏனையவை சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் பாப்திஸ்து சபையார் நடத்திய ஷா பல்கலைக்கழகத்தின் லெனர்டு மருத்துவப் பள்ளி அவற்றுள் ஒன்று. அது 1918-இல் மூடப்பட்டது. வெள்ளையரின் பள்ளிகள் கறுப்பின மாணவர்க்குக் கதவடைத்திருந்த காலம் அது. தரங்குறைந்த பள்ளி மூடப்பட்டதால் தரமான மருத்துவர் அம்மக்களுக்குக் கிடைத்துவிடவில்லை; மருத்துவரே கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடம் இல்லை என்று எழுதிய ஆய்வாளர், அது ஏன் இல்லை என்று எழுதவில்லை. அளவுகோல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முழு உண்மையையும் சொல்லவில்லை.

பின்வந்த ஆண்டுகளில் இவ்வியக்கம் விரைந்து வளர்ந்தது. 1950-க்குள் 3,200-க்கு மேற்பட்ட மருத்துவமனைகள் தரத்தை எட்டின. பணி ஒரு சங்கத்தால் தாங்க முடியாத அளவு பெருகவே, 1951-இல் மருத்துவர் சங்கங்களும் மருத்துவமனைச் சங்கமும் இணைந்து கூட்டு ஆணையத்தை அமைத்தன. 1965-இல் அமெரிக்க அரசு முதியோர்க்கான மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்கியபோது, இவ்வாணையத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அரசின் நிபந்தனைகளை நிறைவேற்றியவையாகக் கொள்ளப்படும் என அறிவித்தது. அன்றுவரை அங்கீகாரம் மனமுவந்து ஏற்ற கட்டுப்பாடு. அன்றுமுதல் அது பணத்தின் வாயிற்கதவாயிற்று. பெயரளவில் இன்றும் அது விருப்பத்திற்குரியதே.

அடுத்த ஆண்டே, அதாவது 1966-இல், இத்துறையின் சிந்தனைக்கு அடித்தளமான கட்டுரையை அவேடிஸ் டொனபீடியன் வெளியிட்டார். ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1919-இல் பெய்ரூட்டில் பிறந்து, பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் வளர்ந்து, மிஷனெரிமார் தோற்றுவித்த பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றவர் அவர். மருத்துவத்தின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று நிலைகளில் காணலாம் என்றார். கட்டடமும் கருவியும் ஆள்பலமும் அமைப்பு. நோயாளிக்குச் செய்யப்படுவது செயல்முறை. அதனால் அவருக்கு நேர்வது விளைவு. நல்ல அமைப்பு நல்ல செயல்முறைக்கு வாய்ப்பளிக்கும்; நல்ல செயல்முறை நல்ல விளைவுக்கு வாய்ப்பளிக்கும்; ஆயினும் ஒன்றிருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று கொள்ளலாகாது. காட்மனின் கேள்விக்கு இதன்மூலம் மீண்டும் ஓர் இடம் கிடைத்தது. தம் இறுதி நாள்களில், புற்றுநோயாளியாக மருத்துவமனைகளை அனுபவித்தறிந்த பின், அளித்த பேட்டியொன்றில், தரத்தின் இரகசியம் முடிவில் அன்பே என்று டொனபீடியன் கூறினார். நோயாளியின்மேலும் தொழிலின்மேலும் கடவுளின்மேலும் அன்பு வேண்டும் என்பது அவர் கருத்து. இதைப் பிரசங்கத்தில் எடுத்தாள விரும்புவோர் பலர் இருப்பர். ஆனால் நாற்பது ஆண்டுகள் அளவுகோல்களைச் செய்வதிலேயே செலவிட்ட ஒருவர் இறுதியில் சொன்ன சொல் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளப்பதற்கு மாற்றாக அவர் அன்பைக் கூறவில்லை; அன்புள்ளவர் அளந்து பார்த்துத் தம் முறையைத் திருத்திக்கொள்வர் என்பதே அதன் பொருள்.

வேலூரில் நேர்ந்தது

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் மருத்துவப் பணியின் தரத்தை ஒழுங்குபடுத்தும் எண்ணம் அரசிடமிருந்து மட்டும் வந்ததன்று. செவிலியர் பயிற்சியில் மிஷன் மருத்துவமனைகள் முந்திக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே வெவ்வேறு சபைகளைச் சார்ந்த மருத்துவமனைகள் ஒன்றுகூடிப் பொதுத் தேர்வு வாரியங்களை அமைத்தன. ஒரு மருத்துவமனையில் பயின்றவரை மற்றொரு மருத்துவமனையார் தேர்வு செய்யும் வழக்கம் உண்டாயிற்று. சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யும் சட்டம் 1926-இல்தான் வந்தது. நற்கருணையில் ஒன்றுசேர இயலாதிருந்த சபைகள் தேர்வுத்தாளில் ஒன்றுசேர்ந்தன என்பது ஒற்றுமை இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் கவனிக்கத்தக்கது.

வேலூர் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே; ஆயினும் அதில் இப்பொருளுக்கு உரிய பகுதி போதிய அளவு பேசப்படுவதில்லை. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளியை 1918-இல் தொடங்கினார். ராலே நகரின் லெனர்டு பள்ளி மூடப்பட்டதும் அவ்வாண்டே. வேலூரில் பயின்றோர் எல்.எம்.பி. என்னும் லைசென்ஷியேட் தகுதி பெற்றனர். அது பல்கலைக்கழகப் பட்டமன்று. ஆனால் கிராமத்து மருத்துவமனைகளுக்கு மருத்துவரை அளித்தது அதுவே. 1938-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டத்தின் தரத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என முடிவு செய்தது. இருபது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையால் முடிவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. எம்.பி.பி.எஸ். வகுப்புக்குக் கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். ஐடா அம்மையாருக்கு அப்போது அறுபத்தேழு வயது. உலகப் போரும் அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டது.

அவ்வாணையைத் திருச்சபையின் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ள இடமிருந்தது. ஊழியத்தின் நன்மையைக் காட்டி விதிவிலக்குக் கேட்பதும் கூடாத காரியமன்று. வேலூரார் தரத்தை எட்டுவதென்றே தீர்மானித்தனர். அத்தீர்மானம் பள்ளியின் உருவத்தையே மாற்றியது. ஒரு மிஷனால் அச்செலவைத் தாங்க இயலாதாகையால் பல சபைகளும் பல நாட்டு மிஷன்களும் பங்காளிகளாயின. ஆண்களையும் சேர்ப்பது பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. பெண்களுக்கென்றே பெண்கள் கொடுத்த காணிக்கையை வேறு வகையில் செலவிடலாமா என்று அமெரிக்காவில் நீண்டகால ஆதரவாளர்கள் கேட்டனர். அது நேர்மையான கேள்வியே. 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இணைப்புக் கிடைத்தது. 1947-இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். 1950-இல் இணைப்பு நிலைபெற்றது. இன்று இந்தியாவின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாக அது விளங்குவதற்கு 1938-ஆம் ஆண்டின் அந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. டாக்டர் எடித் பிரவுன் அம்மையார் 1894-இல் லூதியானாவில் நிறுவிய பள்ளியும் இதே வழியில் 1953-இல் எம்.பி.பி.எஸ். நிலைக்கு உயர்ந்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட நமக்கு மனமில்லை. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அறிக்கை அளித்தபோது, இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் லைசென்ஷியேட்டுகள். ஒரே தரத்து மருத்துவர் போதும், லைசென்ஷியேட் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மையோர் பரிந்துரைத்தனர். உறுப்பினர் சிலர் மாறுபட்டனர். ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவர் போதுமா என்பது ஒரு கேள்வி. முதல்தர மருத்துவர் ஏழையின் ஊருக்குப் போவாரா என்பது மற்றொரு கேள்வி. முதலாவது கேள்விக்கு விடை சொன்ன நாடு, இரண்டாவதற்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. நம் சிறு கிராம மருத்துவமனைகள் மருத்துவரின்றி வாடியதற்கு வேறு காரணங்கள் பல உண்டெனினும், இதுவும் ஒன்று.

1964-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உலகத் திருச்சபை மாமன்றத்தின் ஆதரவில் கூடிய கலந்தாய்வு இக்கேள்வியை வேறொரு திசையிலிருந்து எழுப்பியது. திருச்சபையின் மருத்துவப் பணி பெரும்பாலும் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிட்டது என்றும், குணமாக்கும் ஊழியம் சபை முழுவதற்கும் உரியது என்றும் அங்குக் கூடியோர் உணர்ந்தனர். அதன் தொடர்ச்சியாக 1968-இல் அமைந்த கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தின் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மக்கில்வ்ரே, வேலூரில் மருத்துவமனை நிர்வாகத்தில் பணியாற்றியவர். உயர்ந்த தரத்தின் அருமையை வேலூரில் கண்ட அவரே, அத்தரம் எட்டாத மக்களைப் பற்றிப் பேச வேண்டியவரானார். வாசலைத் தாண்டி வந்தவருக்கு என்ன செய்யப்பட்டது என்பதையே தர அங்கீகாரம் பார்க்கும். வாசலுக்கு வராதவர், வர இயலாதவர் அதன் கணக்கில் வருவதில்லை.

651 கூறுகள்

இந்தியாவில் மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகார வாரியம் 2005-இல் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் ஏற்படுத்தப்பட்டது. 2020-இல் வெளிவந்த அதன் விதித்தொகுப்பின் 5-ஆம் பதிப்பு 10 அதிகாரங்களும், 100 விதிகளும், அவற்றை விரித்துரைக்கும் 651 கூறுகளும் கொண்டிருந்தது. 1919-இல் ஒரே பக்கத்தில் அடங்கியது ஒரு நூற்றாண்டில் இவ்வளவாய் வளர்ந்துவிட்டது. இதை ஏளனமாகக் கூறவில்லை. மருந்து மாறிப் போகாதிருத்தல், அறுவை செய்ய வேண்டிய பக்கம் மாறாதிருத்தல், கைகழுவுதல், தீ விபத்தில் நோயாளியை வெளியேற்றுதல், சிகிச்சைக்கு நோயாளியின் உடன்பாட்டை அவர் அறிந்த மொழியில் பெறுதல் ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ யாரோ இழந்த ஓர் உயிர் இருக்கிறது. 1999-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தடுக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை வசதியுள்ள நாட்டில் அந்நிலையெனில், நம் மருத்துவமனைகளில் பிழையே இல்லை என்று நினைப்பது விசுவாசமன்று, பேதைமை.

அமெரிக்காவில் 1965-இல் நேர்ந்தது நம் நாட்டிலும் நேர்ந்தது. 2016-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், காப்பீட்டுக் கட்டமைப்பிலுள்ள மருத்துவமனைகள் குறிப்பிட்ட காலத்திற்குள் வாரியத்தின் தொடக்கநிலைச் சான்றையோ அரசின் தரச் சான்றையோ பெற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பல மருத்துவமனைகளால் இயலாமையால் காலக்கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. தமிழகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இலேயே இயற்றப்பட்டிருந்தும் அதன் விதிகள் 2018-இல்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே முப்பது அல்லது நாற்பது படுக்கைகளுடன் ஒதுக்குப்புறத்தில் இயங்கும் மிஷன் மருத்துவமனையொன்று, தீயணைப்புச் சான்றும் கழிவகற்றும் ஒப்பந்தமும் குறிப்பேடு எழுதும் ஆளும் ஒருங்கே தேட வேண்டியதாயிற்று. ஆய்வுக்கூடம் ஏன் இல்லை என்று கேளாத ஆய்வாளரை இங்கு நாம் நினைவுகூர்கிறோம்.

முத்திரை கிடைத்துவிட்டால் விளைவு நன்றாகிவிடுமா? 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று அமெரிக்காவின் ஏறத்தாழ 4,400 மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. தனி அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் நோயாளிகளின் மரண விகிதம், மாநில அரசின் ஆய்வுக்கு மட்டும் உட்பட்ட மருத்துவமனைகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கவில்லை. இவ்வாய்வைக் காட்டி அங்கீகாரமே வீண் என வாதிடுவோர் உண்டு. அவ்வாறு கூறுவது பொருந்தாது. ஏனெனில் ஒப்பிடப்பட்ட இரு திறத்தாரும் ஏதோ ஒரு வெளி ஆய்வுக்கு உட்பட்டவர்களே. ஒருவரும் வந்து பாராத மருத்துவமனையைப் பற்றி அவ்வாய்வு ஒன்றும் சொல்லவில்லை. அமைப்பும் செயல்முறையும் இருந்தாலும் விளைவைத் தனியே கேட்டுத்தான் அறிய வேண்டும் என்ற டொனபீடியனின் எச்சரிக்கையையே அது உறுதிப்படுத்துகிறது.

நல்ல சமாரியனின் உவமையை நாம் பிரசங்கிக்கும்போது எண்ணெயையும் திராட்சரசத்தையும் பற்றி விரிவாகப் பேசுகிறோம். சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணத்தைப் பற்றி நன்கொடை ஞாயிறுகளில் பேசுகிறோம். அவன் தான் திரும்பி வரும்போது மேற்செலவைத் தருவதாகச் சொன்னதைப் பற்றிப் பேசியது குறைவு. காயம்பட்டவன் பின்பு என்னவானான் என்பதை அறியும் எண்ணம் அச்சொல்லில் இருக்கிறது. காட்மனின் அட்டையில் ஓராண்டிற்குப் பின் நிரப்பும்படி விடப்பட்ட கட்டமும் அதுவே.

நம் சிறு மருத்துவமனைகள் இத்தகைய கூறுகள் அனைத்தையும் உடனே நிறைவேற்ற இயலாது போகலாம். பெரிய மருத்துவமனைகள் சிறியவற்றோடு ஆய்வுக்கூடத்தையும் பயிற்சியையும் பகிர்ந்துகொள்வது பேராயங்கள் திட்டமிடக்கூடிய காரியம். செவிலியர் தேர்வு வாரியங்களை அமைத்தோர் அதைவிடக் கடினமானதைச் செய்தனர். பின்தொடரும் அட்டைக்கோ பெருஞ்செலவில்லை. கிராம சபைகளில் உபதேசியாரும் வேதாகம மாதரும் நோயாளியின் வீட்டை அறிவர். நோயாளியின் சம்மதத்தோடு, அவருடைய இரகசியம் காக்கப்படும் முறையில், ஓராண்டு கழித்துச் சென்று விசாரித்து வருவது திருச்சபைக்கு வேறெவரினும் எளிது.

பழைய மிஷன் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகள் நம் ஆவணக் காப்பகங்களில் இன்னும் இருக்கின்றன. உள்நோயாளிகள் இத்தனை பேர், புறநோயாளிகள் இத்தனை பேர், அறுவைகள் இத்தனை என்று அவை எண்ணிக்கை தருகின்றன. குணமடைந்தோர், நலம் பெற்றோர், இறந்தோர் எனப் பிரித்துக் காட்டுவனவும் உண்டு. அவையெல்லாம் நோயாளி வாசலைவிட்டு வெளியேறிய நாளின் கணக்கு. அவர்களுள் எவரையேனும் மறு ஆண்டில் யாரேனும் சென்று கண்டதாக அவ்வறிக்கைகளில் குறிப்புகள் உள்ளனவா, உள்ளனவெனில் எங்கே, எத்தனை என்பது இன்னும் முறையாகத் தேடப்பட வேண்டிய பொருள். வரலாற்றுத் துறையில் ஆய்வேடு எழுதப் பொருள் தேடும் மாணவர் எவரேனும் இதை மேற்கொள்வாராயின் நாம் மகிழ்வோம்.